தம் போட்ட ரொட்டி

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று சென்னைப் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, சாந்தோம் லூயிஸ் வாத்தியார் மட்டும் அசையாமல் இருந்தார். அவரை வீரர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். காலையில் காப்பியில் தோய்த்துத் தின்ன ரொட்டி வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான் காரணம்.

1942-இல் ஈஸ்டருக்கு அடுத்த வாரம் அது. எழும்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்குள் ஏறியவர்களைவிட ரயிலின் மேல் ஏறியவர்கள் அதிகம். கச்சேரி ரோட்டுப் பசு ஒன்று தன்னந்தனியாக எழும்பூர் வரை நடந்து போய், கூட்டத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தீர்மானித்துத் திரும்பி வந்தது. அந்த வாரம் மயிலாப்பூரில் நிதானமாக யோசித்து முடிவெடுத்தது அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை காலை ரொட்டி சுட்டு விற்கும் கிடங்கு கரீமுல்லா சைக்கிளில் வந்தார். பின்னால் ரொட்டிப் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் துணி சுற்றிய ஒரு பானை.

“வாத்யாரே, ஆற்காட்டுக்குப் போறேன். மச்சான் ஊட்டுக்கு. குண்டு போட்டு முடிச்சதும் வந்துடுறேன்.”

“அப்ப நாளைக்கு ரொட்டி?” என்றார் லூயிஸ்.

“நாளிக்கும் கெடையாது, நாளை மக்யா நாளும் கெடையாது.”

லூயிஸின் மனைவி மர்சலின் பானையைப் பார்த்தாள். “அதுல என்ன பாய்?”

“புளிச்ச மாவும்மா. இதப் போட்டாத்தான் ரொட்டி எழும்பும். எங்க தாதா காலத்துலேந்து சாவாம கீது. நகைய பீரோல போட்டுப் பூட்டிட்டேன். இத்த மட்டும் கையோட எடுத்துக்கினு போறேன்.”

“ஒரு கைப்பிடி குடுத்துட்டுப் போங்களேன்.”

மர்சலின் ஏதோ பிள்ளையைக் கேட்டுவிட்டது போல, கரீமுல்லாவின் மனைவி பானையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சைக்கிள் போய்விட்டது.

லூயிஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு ரொட்டி இல்லாத காலை இதற்குமுன் ஒரே ஒருமுறைதான் வாய்த்திருக்கிறது. அன்று ஐந்தாம் வகுப்புக்குப் பூகோளப் பாடம் எடுத்தவர், இலங்கையை ருஷ்யாவுக்கு வடக்கே வரைந்துவிட்டார். அந்த வருஷம் படித்த முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் கொழும்புக்குப் போவதென்றால் இன்றைக்கும் கம்பளிச் சட்டை எடுத்துக்கொண்டுதான் போகிறார்கள்.

“விழுப்புரம் போயிடலாம், மர்சலின்” என்றார்.

“குண்டுக்குப் பயந்தா?”

“குண்டு வந்தாலும் வரும், வராமலும் போகும். ரொட்டி வராதுன்னு தெரிஞ்சு போச்சே. கிளாடிஸ் அக்கா வீட்டுக்குப் பக்கத்துல ரயில்வே காலனி இருக்கு. அங்க ரொட்டிக் கிடங்கு இருக்கு.”

கல்யாணமான நாளிலிருந்து பதினொரு வருஷம் மர்சலின், நாத்தனார் கிளாடிஸின் வீட்டில்தான் இருந்தாள். படுக்கை, நெல் மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே. சர்க்கரை டின் சாவி கிளாடிஸின் இடுப்பில். ஒரு கடுகு தாளிப்பதற்குக்கூட, “அக்கா, தாளிக்கலாமா?” என்று கேட்க வேண்டும். லூயிஸுக்குச் சென்னைக்கு மாற்றலாகி இந்தச் சந்தில் இரண்டு அறை வீடு கிடைத்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. இங்கே அவள் யாரையும் கேட்காமல் கடுகு தாளிக்கிறாள். சில நாள் தேவையே இல்லாமல் தாளிக்கிறாள்.

“போக வேணாம்” என்றாள்.

“ரொட்டி?”

“நான் சுடறேன்.”

உள்ளேயிருந்து லூயிஸின் தம்பி அல்போன்ஸ் எட்டிப் பார்த்தான். அந்தத் தெருவுக்கு விமானத் தாக்குதல் வார்டன் அவன்தான். சர்க்கார் கொடுத்த தகர ஹெல்மெட்டைத் தூங்கும்போதும் கழற்றுவதில்லை. “அண்ணி, நீங்க ரொட்டி சுட்டுப் பாத்திருக்கீங்களா?”

“ஜப்பான்காரன்கூட இதுக்கு முன்னால மெட்ராஸுல குண்டு போட்டதில்ல. நீ நம்பிக்கினு ஹெல்மெட் போட்டுட்டு நிக்கலையா?”

பேச்சு முடிவானது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குள் மேசைமேல் ரொட்டி இருக்க வேண்டும். மேல்தோல் முறுமுறுவென்றும் உள்ளே பஞ்சு போலவும் இருக்க வேண்டும்.

“சப்பாத்தியத் தடிமனாத் தட்டிட்டு ரொட்டின்னு சொல்லக் கூடாது” என்றார் லூயிஸ்.

“சொல்ல மாட்டேன். ஆனா ரொட்டி சரியா இருந்தா, ‘இங்கயே இருக்கலாம்’னு உங்க வாயால சொல்லணும்.”

“சொல்றேன். இல்லேன்னா பதினொரு மணிக்கு ஷரஃபுதீனோட ஜட்கா வாசல்ல நிக்கும்.”

வெள்ளிக்கிழமை அவள் மைதாவில் உப்பும் தண்ணீரும் விட்டுப் பிசைந்து, இரும்புச் சட்டியில் மணலைக் காயவைத்து, அதன்மேல் சுட்டாள். எழும்பவில்லை. எழும்பாததோடு நிற்காமல், வைத்த உயரத்திலிருந்து இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. லூயிஸ் வெட்டிப் பார்த்தார். கத்தியின் பல் போயிற்று. கொல்லையில் போட்டபோது ஒரு காகம் வந்து கவ்விப் பறக்கப் பார்த்தது. முடியவில்லை. இன்னொரு காகத்தைக் கூட்டிவந்தது. இரண்டும் சேர்ந்து முயன்று பார்த்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தே போயின.

“அண்ணி, இத நான் எடுத்துக்கட்டுமா?” என்று அல்போன்ஸ் கேட்டான். “தீக்குண்டு விழுந்தா மேல போட மணல் மூட்டை பத்தலைன்னு சொன்னாங்க.”

“எடுத்துக்க. முதல்ல உன் தலையில போட்டுப் பாரு.”

எட்டு வயது மகள் எமல்டா மட்டும் அதை நக்கிப் பார்த்து, “உப்பு சரியா இருக்கும்மா” என்றாள். பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை லூயிஸ் இறக்கும் சத்தம் கேட்டது. மர்சலின் அந்தப் பக்கமே திரும்பவில்லை. உப்பு சரியாக இருக்கிறது. இனி எழும்ப வைப்பதுதான் பாக்கி.

ஆப்ப மாவை எழுப்பும் கள் ரொட்டி மாவை எழுப்பாதா என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் சாந்தோம் கோயிலில் மாதா சபையில் இருக்கும் வாத்தியார் மனைவி கள்ளுக்கடை வாசலில் போய் நிற்க முடியாது. நல்லவேளையாக வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாலவாக்கத்திலிருந்து முனியம்மாள் சவுக்குக் கட்டை கொண்டுவந்தாள். அவள் புருஷன் பனை ஏறுகிறவன். பண்டிகைக்கு ஆப்பம் சுட ஒரு கிண்ணம் கள்ளை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து தருபவளும் அவள்தான். இந்தத் தடவை ஒரு பானையே வேண்டும் என்று மர்சலின் சொல்லி அனுப்பினாள்.

சனிக்கிழமை உச்சி வெயிலில் முனியம்மாள் தலையில் பானையோடு வந்து சேர்ந்தாள்.

“இன்னா வாத்யாரம்மா, ஊரே ஓடிக்கினு கீது, நீ கள்ளு கேக்கறியே!”

“ரொட்டிக்கு, முனியம்மா.”

“அப்டித்தான் எங்க ஊருலயும் சொல்லுவாங்க” என்று முனியம்மாள் பானையை இறக்கினாள். அது உள்ளுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. “வெயில்ல வந்ததுல ரொம்பப் பொங்கிட்ச்சி. அடையாத்துப் பாலத்துல வரசொல்ல தலையில பாரமே தெரில. வுழுந்துட்ச்சோன்னு கைய வச்சுப் பாத்தா, தலைக்கு மேல ஒரு விரக்கடை மெதந்துக்கினு வருது. கய்த்தப் புடிச்சு இஸ்துக்கினு வந்தேன். கொஞ்சமா ஊத்து.”

கொஞ்சமாக ஊற்றினால் போதாது என்று மர்சலினுக்குப் பட்டது. ஆப்பத்துக்கே ஒரு கிண்ணம் என்றால், ரொட்டி அதைவிடப் பெரிய காரியம். ஒரு சொம்பு நிறைய ஊற்றினாள். பிசைந்து உருட்டி, தன் அம்மா எல்லா மாவுக்கும் செய்வதுபோலக் கத்தியால் மேலே ஒரு சிலுவை போட்டாள். சிலுவை போட்ட மாவில் துளியும் வீணாக்கக் கூடாது. எறிந்தால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டியிருக்கும். அண்டாவில் வைத்துத் தாம்பாளத்தால் மூடினாள். தாம்பாளத்தின் மேல் பூனை ஏறிப் படுத்துக்கொண்டது.

சாயங்காலம் நாலு மணிக்குப் பூனை கண் விழித்தபோது, அது உத்தரத்துக்கு ஒரு சாண் கீழே இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பூனை உயரமான எதன் மேலும் ஏறியதில்லை.

மர்சலின் முக்காலியில் ஏறி மாவைக் குத்தினாள். பெருமூச்சு விட்டுக்கொண்டு இறங்கிய மாவு, அவள் கை கழுவித் திரும்புவதற்குள் மறுபடி எழுந்தது. உலக்கையால் ஒருதரம் அமுக்கினாள். மூன்றாம் தடவை தாம்பாளத்தைக் கவிழ்த்துத் தானே ஏறி உட்கார்ந்து ஒரு ஜெபமாலை முழுக்கச் சொல்லி முடித்தாள். அதன்பின் மாவு சொன்ன பேச்சுக் கேட்டது.

மாவு தயார். அடுப்பு? ரொட்டிக்கு எல்லாப் பக்கமும் சூடு வேண்டும். அவள் மதில்மேல் கையை ஊன்றி, “பாயம்மா!” என்று கூப்பிட்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஜமீலுன்னிசா இருந்தார். சுற்றுவட்டாரத்தில் எந்த நிக்காஹ் நடந்தாலும் பிரியாணிக்குத் தம் போடுவது அவர் கைதான். ஊரைவிட்டுப் போகச் சொல்லி வந்த மகன்களை, ‘பிரியாணி ஆக்குற தேக்சாவ யாரு தூக்குவா?’ என்று கேட்டே திருப்பி அனுப்பிவிட்டவர்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை. “கீழ தணல், மேல தணல். தம்முன்னா அவ்ளோதான். சோறு வேகும்னா ரொட்டி வேகாதா?” என்று ஒரு சின்னத் தேக்சாவை மதில்மேல் தூக்கி வைத்தார். “மூடி ஓரத்துல மாவு பூசி அடைச்சிடு. ஆவி வெளிய போவக் கூடாது. நடுவுல தெறந்து பாத்தியோ, அப்பவே என் தேக்சாவ வாங்கிக்கினு போயிடுவேன்.”

“தெறக்க மாட்டேன் பாயம்மா.”

ஞாயிற்றுக்கிழமை மர்சலின் முதல் பூசைக்கே போய்விட்டு வந்தாள். மற்றவர்கள் எட்டு மணிப் பூசைக்குப் போனார்கள். தேக்சாவில் நெய் தடவி மாவை வைத்து, மேலே மறுபடி சிலுவை கீறினாள். பாதி மாவுதான் கொண்டது. மீதியை என்ன செய்வது? சிலுவை போட்ட மாவு. எறிய முடியாது. மூடி ஓரத்தில் பூசத்தான் மாவு வேண்டுமே என்று, அதையே கயிறாகத் திரித்து மூடியைச் சுற்றி அடைத்தாள். கீழே சவுக்குத் தணல், மேலே கொட்டாங்கச்சித் தணல். உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பதரைக்கு வாசனை சந்துக்குள் போயிற்று. மூட்டை கட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர்கள் கட்டுவதை நிறுத்திவிட்டு நின்றார்கள். பூசை முடிந்து வந்த லூயிஸ் சந்து முனையிலேயே தொப்பியைக் கழற்றினார். பத்தரைக்கு ஜட்கா வந்தது. ஷரஃபுதீன் இறங்காமலேயே மூக்கை உறிஞ்சினான்.

“இன்னா சார் இது, எங்கியோ கல்யாணமா?”

மர்சலின் தணலைத் தள்ளிவிட்டு மூடியைப் பிடித்துத் தூக்கினாள். தேக்சாவும் சேர்ந்து வந்தது.

ஓரத்தில் பூசிய மாவும் புளித்த மாவல்லவா? அதுவும் எழும்பி, கை மொத்தத்துக்கு மாலைபோலச் சுற்றிலும் பருத்து, செங்கல்லாக இறுகிவிட்டது. மூடி எங்கே முடிகிறது, தேக்சா எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அல்போன்ஸ் இழுத்துப் பார்த்தான். லூயிஸ் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். சுத்தியலின் காம்பு முறிந்தது.

ஜமீலுன்னிசா மதில்மேல் எட்டிப் பார்த்தார். “என்னா மாவு பூசினே?”

“மிச்சம் இருந்த மாவு.”

“புளிச்ச மாவா? யா அல்லா! வெறும் கோதும மாவுல்ல பூசணும்!”

“சிலுவை போட்டுட்டேன் பாயம்மா. எறியக் கூடாதே.”

ஜமீலுன்னிசா கொஞ்ச நேரம் யோசித்தார். “அதுவும் சரிதான்” என்றார்.

லூயிஸ் கடிகாரத்தை எடுத்தார். பாவம், அவருக்கும் வருத்தம்தான். “மேசைமேல ரொட்டி இருக்கணும்னு பேச்சு. தேக்சாதான் இருக்கு. நீ செஞ்ச வரைக்கும் பெரிய விஷயம், மர்சலின். பெட்டியெல்லாம் ஏத்தச் சொல்லட்டுமா?”

நெல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பாய் விரித்துக் கிடப்பது மர்சலினின் கண்முன் வந்தது. “மணி என்ன?”

“பத்து அம்பது.”

“பேச்சு பதினொண்ணுன்னுதானே?” அவள் வாசலுக்குப் போனாள். “ஷரஃபுதீன், குதிரைய அவிழ்த்துக்கிட்டுக் கொல்லைக்கு வா.”

“எதுக்கும்மா? வண்டியில்ல பூட்டணும்?”

“வண்டி அப்புறம். முதல்ல இந்த மூடியில பூட்டணும்.”

தேக்சாவை நாலு சுற்றாகக் கட்டித் தென்னை மரத்தோடு பிணைத்தாள். கிணற்றுக் கயிற்றின் ஒரு முனையை மூடியின் பிடியில் முடிந்து, மறுமுனையைக் குதிரையின் மார்ப்பட்டையில் மாட்டச் சொன்னாள்.

“வாணாம்மா. இது சவாரிக் குதிரை. மூடியெல்லாம் இஸ்துப் பழக்கம் இல்ல.”

“எனக்கும் ரொட்டி சுட்டுப் பழக்கம் இல்ல. ஓட்டு.”

ஷரஃபுதீன் நாக்கைச் சுண்டினான். குதிரை முன்கால்களை ஊன்றி இழுத்தது. தென்னை குனிந்தது, நாலு இளநீர் தானாகக் கீழே வந்து விழுந்தது. குதிரை இன்னொரு மூச்சு இழுத்தது.

அந்தச் சத்தத்தைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் உண்டு. தேனாம்பேட்டை வரை கேட்டது என்பார்கள் சிலர். ஆழ்வார்பேட்டை வரைதான் என்று ஜமீலுன்னிசா சொல்லுவார்; அவர் எதையும் கூட்டிச் சொல்லுகிறவர் அல்ல. மூடி வானத்தில் பறந்தது. அதன் கயிற்றில் கட்டிய குதிரை தரையில் பறந்தது. பட்டத்தை இழுத்துக்கொண்டு ஓடும் பையனைப் போல அது வாசல் வழியாகப் பாய்ந்து, அடையாற்றுப் பாலத்தைத் தாண்டித் தெற்கே போயிற்று. “குண்டு! குண்டு!” என்று அல்போன்ஸ் விசிலை ஊதினான். சந்து முழுவதும் பதுங்கு குழிகளில் குதித்தது. லூயிஸ், எமல்டா, ஷரஃபுதீன், விசிலோடு அல்போன்ஸ் எல்லோரும் கொல்லைக் குழிக்குள் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள்.

மர்சலின் மட்டும் குதிக்கவில்லை. புகையை முந்தானையால் விசிறிவிட்டுத் தேக்சாவுக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே தேக்சாவின் வாய்மட்டத்துக்கு, புதுத் தாம்பாளம்போலச் செம்பொன் நிறத்தில், நடுவே சிலுவை மலர்ந்து, ரொட்டி நின்றது. கவிழ்த்துத் துணியில் ஏந்திக் கொண்டுபோய்க் கொல்லைத் தாழ்வாரத்து மேசைமேல் வைத்தாள்.

கோயில் மணி பதினொன்று அடித்தது.

குழியிலிருந்து லூயிஸ் தலையை நீட்டினார். தலையில் மண். ரொட்டியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். “குதிரையே போயிடுச்சே. இனி எதுல போறது? சரி, இங்கயே இருக்கலாம்.”

“வேணாம்” என்றாள் மர்சலின்.

“என்ன வேணாம்?”

“வண்டி இல்லேன்னு இருக்க வேணாம். அப்படீன்னா நாளைக்கே வேற ஜட்கா வரும். லஸ்ஸுக்கு நடந்து போய் நானே கூட்டிட்டு வரேன். ரொட்டியச் சாப்பிட்டுட்டு, சரியா இருந்தா சொல்லுங்க. இல்லேன்னா கிளம்பலாம்.”

“சேசு மரி சூசையே, பொம்பளைக்கு என்ன பிடிவாதம்!” என்று சொல்லிக்கொண்டே லூயிஸ் ஏறி வந்து மேசைமுன் உட்கார்ந்தார். மர்சலின் வெட்டினாள். தோல் நொறுங்கியது, உள்ளே கத்தி இறங்குவதே தெரியவில்லை. ஒரு துண்டைக் காப்பியோடு முன்னால் வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

லூயிஸ் ரொட்டி விஷயத்தில் பொய் சொல்லாதவர். காப்பியில் தோய்க்காமல் முதல் வாய் தின்றார். தோய்த்து இரண்டாம் வாய் தின்றார். கண்ணை மூடிக்கொண்டார். அல்போன்ஸும் ஷரஃபுதீனும் குழியின் விளிம்பில் மோவாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கொஞ்சம் கள் வாசனை அடிக்குது” என்றார்.

மூன்றாம் வாய் போயிற்று. துண்டு முடிந்தது. இன்னொரு துண்டுக்குக் கை நீண்டது. மர்சலின் ரொட்டியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

“தோல் முறுமுறுன்னு இருக்கு. உள்ள பஞ்சா இருக்கு” என்றார் லூயிஸ் குரல் இறங்கி. “கரீமுல்லா ரொட்டியிலகூட இது இல்ல. இங்கயே இருக்கலாம், மர்சலின்.”

அவள் ரொட்டியைத் திரும்ப நகர்த்தினாள். எமல்டா ஓரத்துத் தோலாகப் பார்த்துப் பொறுக்கினாள். ஷரஃபுதீன், “குதிர வந்துடும், அதுக்கு ஊடு தெரியும்” என்று கால் ரொட்டியை முடித்தான். மதில்மேல் கொடுத்த பங்கை மென்றுகொண்டே ஜமீலுன்னிசா, “அப்ப என் மூடி?” என்று ஒரு தடவைதான் கேட்டார். ஆபத்து நீங்கியது என்று அல்போன்ஸ் விசில் ஊத வேண்டியிருந்தது. வாய் நிறைய ரொட்டி இருந்ததால் முடியவில்லை. சந்து பகல் ஒரு மணி வரை குழியிலேயே இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் லூயிஸ் தபால் கார்டு ஒன்றை எடுத்து அக்காவுக்கு எழுத உட்கார்ந்தார். ‘வரவில்லை’ என்று தொடங்கியவர், பேனாவைக் கார்டிலிருந்து தூக்காமல் எழுதிக்கொண்டே போனார். மர்சலின் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். தோலின் நிறம், உள்ளே இருந்த மிருது, காப்பியை அது உறிஞ்சிய விதம் என்று வரி வரியாகப் போய்க்கொண்டிருந்தது.

அவள் கார்டை உருவி, நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

“ஏன்?”

“இதப் படிச்சா அவங்க இங்க வந்துடுவாங்க.”

லூயிஸ் இன்னொரு கார்டை எடுத்தார். அதில் ‘வரவில்லை. எல்லோரும் சுகம்’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை மர்சலின் பக்கத்திலேயே நின்றாள். பிறகு யாரிடமும் கொடுத்தனுப்பாமல், தபால் பெட்டி வரை அவளே நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்து, அடுப்பில் வாணலியை வைத்துக் கடுகு தாளித்தாள்.